போன் ரிசப்ஷன் வேலை: அலுவலகத்தில் பழகி, வீட்டிலிருந்து செய்வது வரை முழுமையான வழிகாட்டி

போன் மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் குரலைத்தான் சரிசெய்கிறார்கள். இனிமையாகப் பேசிப் பழகுகிறார்கள், ஆங்கில வணக்கத்தை மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றாவது அழைப்பிலேயே திணறிவிடுகிறார்கள். "ஏனுங்க, ஸ்கேன் ரிப்போர்ட் யாருகிட்ட வாங்கறது?" என்று ஒருவர் கேட்டால் எவ்வளவு நல்ல குரலிலும் அதற்குப் பதில் இருக்காது.

கோவையில் பல டாக்டர்கள் உட்காரும் ஒரு கிளினிக்கின் போன் மேசையில் வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்தே சில கிளினிக்குகளுக்கு அழைப்புகளை எடுக்கிறேன். புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கியபோது அவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்துத்தான் இந்த வரிசையைப் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் கிளினிக்கைச் சேர்ந்தவை. ஆடிட்டர் ஆபீஸ், மில், பள்ளி எதுவானாலும் வரிசை மாறாது: இடத்தை அறிவது, கருவியைப் பழகுவது, பிறகுதான் பேச்சு.

1. சேரும் முன் கேட்க வேண்டியவை

வீட்டிலிருந்து போன் எடுக்கும் வேலை என்று வரும் விளம்பரங்களில் மோசடி நிறைய. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ஹெட்செட்டுக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் சிம் வாங்கித் தரச் சொன்னாலும், உங்கள் வங்கிக் கணக்கில் வேறொருவர் பணத்தை வாங்கி அனுப்பச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்த எண்ணிலோ கணக்கிலோ தவறு நடந்தால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

நேர்முகத்தில் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "நான் சாப்பிடப் போகும்போதும் பாத்ரூம் போகும்போதும் போனை யார் எடுப்பாங்க?" இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்கவே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும். அப்படி இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் முதல் ஆறு மாதம் அலுவலகத்தில் நேரில் வேலை செய்யுங்கள். யார் கோபப்படுவார், எந்த டாக்டர் எப்போதும் அரை மணி தாமதம் என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாதவை.

2. போனைத் தொடும் முன்: ஒரு தாள்

முதல் நாள் போனை எடுக்காதீர்கள். ஒரு நோட்டோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். லேப், பார்மசி, பில்லிங், இன்சூரன்ஸ் கவுன்டர் ஒவ்வொன்றிலும் நின்று, "என்ன கேட்டா உங்களுக்கு லைன் கொடுக்கணும்? எதுக்குக் கொடுக்கக் கூடாது?" என்று கேளுங்கள்.

அதை வைத்து ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஆளின் பெயர், எக்ஸ்டென்ஷன் எண் (அவர் மேசையில் உள்ள உள் போனின் எண்), இருக்கும் நேரம், அவர் இல்லாவிட்டால் யார், எந்த விஷயத்துக்கு மட்டும் அவரை இடையில் கூப்பிடலாம் என்று ஐந்து கட்டங்கள். நான்காவது கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். "அவர் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தை இல்லாமல் நிற்பது அதனால்தான்.

தாளின் பின்பக்கம் பழைய பதிவேட்டைப் புரட்டி, அடிக்கடி வரும் இருபது கேள்விகளை எழுதுங்கள். பீஸ் எவ்வளவு, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், கார் நிறுத்த இடம் உண்டா, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பவை. மருத்துவம் சார்ந்த பதில்களை லேபிலோ நர்சிடமோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காதால் கேட்டதை வைத்துச் சொன்னால், சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர் மறுநாளும் அலைய வேண்டியிருக்கும்.

3. கருவியைப் பழகுவது

பெரும்பாலான இடங்களில் இருப்பது இபிஏபிஎக்ஸ் போர்டு, அதாவது வெளியிலிருந்து வரும் லைனை உள்ளே இருக்கும் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி. அதில் தெரிய வேண்டியவை நான்கே: அழைப்பை எடுப்பது, ஹோல்டில் (லைனைத் துண்டிக்காமல் காத்திருப்பில்) வைப்பது, எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றுவது, மாற்றியதைத் திரும்ப வாங்குவது. உங்கள் செல்போனிலிருந்து போர்டுக்கு அழைத்து, இந்த நான்கையும் பத்துப் பத்து முறை செய்து பாருங்கள். கை பழகினால்தான் காது பேச்சைக் கவனிக்கும்.

புதியவர்கள் லைனைத் துண்டிப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். லைன் மாற்றுவதற்கென்று இருக்கும் பிளாஷ் பட்டன் இல்லாத போனில் மாற்றும்போது, ரிசீவர் உட்காரும் கொக்கியை ஒரு தட்டுத் தட்டி விட வேண்டும். பயத்தில் அழுத்திப் பிடித்துவிட்டால் போன் வைத்துவிட்டதாக போர்டு எடுத்துக்கொள்ளும்.

தரைவழி போனிலிருந்து செல்போனுக்கு அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுக்க இதுதான் விதி. இதை மறந்துவிட்டு "அந்த நம்பர் வேலை செய்யலை" என்று எழுதிவைத்த குறிப்புகளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். போர்டில் வெளி லைன் எடுக்கவும் தனியாக ஓர் எண் இருக்கும். அதைப் போட்டு, பிறகு இந்த 0-வையும் போட்டு, அப்புறம்தான் பத்து இலக்கம்.

4. எடுப்பதும் முதல் வாக்கியமும்

இரண்டாவது மணியில் எடுங்கள். முதல் மணியிலேயே எடுத்தால் அழைத்தவர் இன்னும் தயாராகியிருக்க மாட்டார், "ஆங்... ஹலோ..." என்று தடுமாறுவார். நான்காவது மணியைத் தாண்டினால் எரிச்சலோடு தொடங்குவார்.

எடுத்ததும் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். லைன் சேருவதற்குள் பேசினால் முதல் சொல் அந்தப் பக்கம் போகாது. வணக்கத்தை முன்னால் வைப்பதும் அதற்காகத்தான். "வணக்கம்" பாதி விழுங்கப்பட்டாலும் இழப்பில்லை, கிளினிக் பெயர் விழுங்கப்பட்டால் "எந்த இடங்க?" என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வணக்கம், இடத்தின் பெயர், உங்கள் பெயர், "சொல்லுங்க". இவ்வளவு போதும்.

குரலை வைத்து சார், மேடம், அக்கா என்று முடிவுகட்டாதீர்கள். மெல்லிய குரலுள்ள ஆண்களும் கனத்த குரலுள்ள பெண்களும் தினமும் அழைக்கிறார்கள். ஒருமுறை தவறாகக் கூப்பிட்டுவிட்டால் அவர் மனது சுருங்கிவிடும். பெயர் தெரியும்வரை "சொல்லுங்க", "சரிங்க", "இருங்க" என்ற "ங்க" ஒன்றே எல்லா மரியாதையையும் சுமக்கும். தமிழில் நமக்கு இருக்கும் பெரிய வசதி இது.

5. கேட்டு எழுதுவது

இந்த வேலையின் எடை முழுவதும் இங்கேதான். தவறுகளில் முக்கால்வாசி எழுதும்போது நடப்பவை.

யாருக்காக என்பதை முதலில் கேளுங்கள். அம்மாவுக்காக மகன் அழைப்பார், தன் பெயரைச் சொல்வார், புதியவர் அதையே எழுதிவிடுவார். மறுநாள் அம்மா வந்து நின்றால் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. "யாருக்குப் பார்க்கணுங்க?" என்று கேட்டு அந்தப் பெயரை மேலேயும், அழைத்தவர் பெயரைக் கீழேயும் எழுதுங்கள். இனிஷியல், வயது, ஊர் மூன்றும் கட்டாயம். ஒரே நாளில் மூன்று செல்விகள் வருவது எங்களுக்குச் சாதாரணம்.

செல்போன் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதினால் பத்து இலக்கம் இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். திருப்பிச் சொல்லும்போது தனித்தனி இலக்கமாகச் சொல்லுங்கள். எழுபதும் எண்பதும், அறுபதும் இருபதும் மோசமான லைனில் ஒன்றுபோலவே கேட்கும். "டபுள்" என்ற சொல்லை உங்கள் வாயால் சொல்லவே வேண்டாம். "நாலு டபுள் அஞ்சு" என்பதை "டபுள் நாலு அஞ்சு" என்று எழுதியவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் வந்தால் "பதினஞ்சுங்களா, அம்பதுங்களா?" என்று தமிழில் கேட்டுவிடுங்கள்.

மின்னஞ்சல் முகவரி வாங்கும்போது பி, டி, வி மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும், எம்மும் என்னும் அதேபோல. பாம்பே பி, டெல்லி டி, மெட்ராஸ் எம், நாக்பூர் என் என்று ஊரின் பெயரோடு சொல்வது இங்கே எல்லோருக்கும் பழகிய முறை.

தேதிக்கு வருவோம். "அடுத்த வெள்ளி" என்றால் சிலருக்கு வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கும் அடுத்தது. கிழமை, தேதி, காலையா மாலையா, மணி என நான்கையும் நீங்களே சொல்லி, அவர் வாயால் ஒருமுறை வாங்குங்கள். "சரிங்க" என்று மட்டும் சொல்பவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.

நேரம் ஒதுக்கும்போது தினசரி காலண்டர் மேசையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம், செவ்வாயன்று மாலை 3 முதல் 4.30 வரை. முதல்முறை டாக்டரைப் பார்க்க வருகிறவர்களும் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவர்களும் அந்த நேரத்தைத் தவிர்க்கவே விரும்புவார்கள். பலர் அதைப் போனில் சொல்லக் கூச்சப்பட்டு, சரி என்றுவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். உங்கள் நம்பிக்கை எதுவானாலும் "10 மணிக்குப் போடட்டுமா, 12 மணிக்குப் போடட்டுமா?" என்று இரண்டு நேரம் சொல்லிக் கேளுங்கள். டாக்டரின் அரை மணி நேரம் வீணாகாது.

6. ஹோல்டும் லைன் மாற்றுவதும்

ஹோல்டில் போடும் முன் காரணம் சொல்லுங்கள்: "லைன்ல இருங்க, லேப்ல கேட்டுச் சொல்றேன்." அரை நிமிடம் ஆனால் திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசுங்கள். அமைதியில் காத்திருப்பவருக்கு அரை நிமிடமே ஐந்து நிமிடமாகத் தெரியும். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் பேசுவது வேண்டவே வேண்டாம், அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

லைன் மாற்றும்போது முதலில் உள்ளே இருப்பவரிடம் யார், என்ன விஷயம் என்று சொல்லிவிட்டு இணையுங்கள். நோயாளி தன் கதையை மூன்று பேரிடம் சொல்லக் கூடாது. உள்ளே ஐந்து மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் நீங்களே திரும்ப வாங்கி, "இப்போ இடத்துல இல்லைங்க, உங்க நம்பர் கொடுங்க" என்று சொல்லுங்கள். டீ குடிக்கப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை என்றெல்லாம் உள் விவரம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு லைன் ஒன்றாக அடித்தால் முதல் ஆளிடம் சொல்லிவிட்டு இரண்டாவதை எடுங்கள். அந்த இரண்டாவது ஆளை ஹோல்டில் போடும் முன் "அவசரமாங்க?" என்று கேட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள். கேட்டுக்கொண்டே பட்டனை அழுத்துவது மிக ஆபத்தான பழக்கம்.

7. அழைப்பை முடிப்பது

ஒவ்வொரு அழைப்பும் யாராவது ஒருவர் கையில் போய்ச் சேர வேண்டும். போனை வைக்கும் முன் மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இனி இதற்குப் பொறுப்பு யார், எத்தனை மணிக்குள்? பதில் இல்லை என்றால் அழைப்பு முடியவில்லை.

"டாக்டர் கூப்பிடுவார்" என்று சொல்லாதீர்கள். டாக்டர் நேரம் உங்கள் கையில் இல்லை. "சாயங்காலம் 6 மணிக்குள்ள நானே கூப்பிட்டு என்ன சொன்னார்னு சொல்றேன்" என்று உங்களால் காப்பாற்ற முடிந்ததைச் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் 6 மணிக்குக் கூப்பிட்டு, இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். பதிவேட்டில் நேரம், பெயர், எண், விஷயம் இவற்றோடு "நான் என்ன சொன்னேன்" என்று ஒரு கட்டம் வையுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவருக்கு அந்தக் கட்டம்தான் உயிர்.

8. பொறுமையும் உறுதியும் வேண்டிய அழைப்புகள்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது, வலிப்பு, நிற்காத ரத்தம், பாம்புக்கடி என்று காதில் விழுந்த நொடியே வழக்கமான கேள்விகளை விட்டுவிடுங்கள். முதலில் எண், அடுத்து இருக்கும் இடம், ஏனென்றால் லைன் எப்போது வேண்டுமானாலும் போகலாம். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதிலிருந்து 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். டூட்டி டாக்டர் இருந்தால் உடனே இணையுங்கள். மருந்து, மாத்திரை எதுவும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது பேசினால் அவசரப்படுத்தாமல், ஹோல்டில் போடாமல் கேளுங்கள். உள்ளே ஒரு டாக்டரிடம் சேருங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் சொல்லுங்கள். நாள் முழுக்க எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

கோபமாகப் பேசுபவரை இடைமறிக்காதீர்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், அவர் சொன்ன விஷயத்தையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: "ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க, அப்புறமும் பார்க்கலை, அதானுங்க?" தன் பேச்சு எழுதப்படுகிறது என்று தெரிந்ததும் குரல் இறங்கும்.

தகவல் கேட்டு வரும் அழைப்புகள்தான் என்னை இன்றும் கவலைப்படுத்துபவை. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், மாமியார் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மருமகளின் பரிசோதனை முடிவைக் கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் கனிவோடு படித்துக் காட்டிவிட்டாள். அந்த மருமகள் அதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் கிளினிக்கில் வந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேட்பவர் கணவராக, தாயாக, போலீஸாக யாராகச் சொல்லிக்கொண்டாலும், ஒருவர் அங்கே வந்தாரா, என்ன முடிவு என்பதைப் போனில் சொல்லாதீர்கள். "போன்ல சொல்ற வழக்கம் இல்லைங்க, அவங்களே நேர்ல வந்தா கொடுப்பாங்க" என்று சொன்னால் போதும். டாக்டரின் சொந்த எண்ணும் அப்படித்தான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. சட்டம் இல்லாமல் இருந்தாலும் இது அந்த மனிதர்களுக்கு நாம் பட்ட கடன்.

9. வீட்டிலிருந்து எடுப்பது

வழி இரண்டு. கிளினிக் எண்ணை உங்கள் செல்போனுக்கு டைவர்ட் செய்வது, அதாவது அங்கே வரும் அழைப்பு தானாக உங்களுக்குத் திரும்பும்படி வைப்பது ஒன்று. எக்ஸோடெல், ஓசோன்டெல், மைஆபரேட்டர் போன்ற கிளவுட் சேவை (இணையத்தின் வழியாக அழைப்புகளைப் பிரித்துத் தரும் கம்பெனி) வழியாக எடுப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். யார் அழைத்தார், யார் எடுக்கவில்லை என்ற பட்டியல் தானாகச் சேரும், உங்கள் சொந்த எண்ணும் வெளியே போகாது. சொந்த எண்ணிலிருந்து ஒரே ஒருமுறை திருப்பி அழைத்தாலும் போதும், இரவு 11 மணிக்கு அந்த எண்ணுக்கே அழைப்பு வரும்.

கணினியில் எடுப்பதானால் இணைய வேகத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஒரு குரல் அழைப்புக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 100 கேபிபிஎஸ் போதும். குரல் விட்டு விட்டு வருவது இணைப்பு சீராக இல்லாததால்தான். அதனால் வைஃபையை விட்டு ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் இழுங்கள். ரவுட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியமோ மாலையோதான் வரும். முந்தைய நாளே செய்தித்தாளில் வரும் மின்தடை அறிவிப்பைப் பார்த்து கிளினிக்குக்குச் சொல்லிவிடுங்கள். மாற்றுக்கு வைக்கும் செல்போன் டேட்டா, வீட்டு இணையம் தரும் கம்பெனி அல்லாத வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும், இரண்டும் ஒரே நேரத்தில் படுப்பது அரிது.

ஹெட்செட் ஒரு காதுக்கு மட்டும் இருப்பதாக வாங்குங்கள். இரண்டு காதும் மூடினால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காமல் கத்த ஆரம்பிப்பீர்கள், மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். வாய்க்குப் பக்கத்தில் வரும் மைக் உள்ளதுதான் குக்கர் விசிலையும் மிக்ஸியையும் ஓரளவு ஒதுக்கும். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கியை எந்த மைக்கும் ஒதுக்காது. அந்த நாட்களுக்கு உள்ளறையைத் தயார் செய்யுங்கள்.

நோயாளிகளின் பெயர் எழுதிய நோட்டு வீட்டு மேசையில் திறந்து கிடக்கக் கூடாது. பூட்டும் அலமாரி ஒன்று வேண்டும். கதவு மூடியிருந்தால் யாரும் பேசிக்கொண்டே உள்ளே வரக் கூடாது என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூரியர் என்றும் டெலிபோன் கம்பெனி என்றும் சொல்லி, *401* என்று தொடங்கும் ஒரு எண்ணை அழுத்தச் சொல்பவர்கள் உண்டு. அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குத் திரும்பும் ஆபத்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் *#21# அழுத்தி டைவர்ட் இருக்கிறதா என்று பாருங்கள், ##002# அழுத்தினால் எல்லா டைவர்ட்டும் ரத்தாகும். கிளினிக் எண்ணையே வேண்டுமென்று டைவர்ட் செய்து வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கூலியைப் பற்றி ஒன்று: ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், மணிக்கணக்கில் பேசுங்கள். மணி அடிக்காத நேரத்திலும் அந்த நாற்காலியை விட்டு எழ முடியாது. அந்தக் காத்திருப்பும் வேலைதான்.

10. நாளை மூடுவது

கடைசி இருபது நிமிடம் புதிய வேலை எதுவும் எடுக்காதீர்கள். முதலில் மிஸ்டு கால் பட்டியல். ஒரே எண் மூன்று முறை வந்திருந்தால் அதற்கு முதலில் அழையுங்கள். பிறகு "நான் என்ன சொன்னேன்" கட்டத்தை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். முடியாதவற்றைத் தனித்தாளில் எழுதி, அடுத்து வருகிறவருக்கு வாயாலும் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் டைவர்ட்டை எடுத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து கிளினிக் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அங்கே மணி அடித்து இரவு ஷிப்டில் இருப்பவர் எடுத்தால் ஹெட்செட்டைக் கழற்றலாம். இன்னும் உங்கள் கையிலேயே அடித்தால் அதைச் சரிசெய்யும்வரை எழாதீர்கள்.